பக் ஐலண்ட் படகுப் பயணம்: நீச்சல் தெரியாத அம்மா, ஐந்து வயதுப் பையன், அரை நாளா முழு நாளா?

டிசம்பர் கடைசி வாரம் நியூ ஜெர்சியிலிருந்து ஆறு பேர் கரீபியன் கடலில் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் க்ரோய்க்குப் போகிறீர்கள். அங்கிருந்து படகில் பக் ஐலண்டுக்குப் போய் ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, முகத்தை நீரில் வைத்து மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்ய அரை நாள் டிக்கெட்டா, முழு நாள் டிக்கெட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, அப்பாவுக்கு 66 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், சின்ன வயதில் கிணற்றில் நீந்தியவர், பெண்ணுக்கு 11, நன்றாக நீந்துவாள், பையனுக்கு 5 என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான். இத்தனை பேரையும் ஒரே படகில் ஏற்றலாமா, ஏற்றினால் யார் எங்கே தண்ணீரில் இறங்குவது? தாராளமாக ஏற்றலாம். ஆனால் ஆறு பேரும் பவளப்பாறையில் இறங்கியே ஆகவேண்டும் என்று கணக்குப் போடாதீர்கள்.

காரணம் அந்தத் தீவின் அமைப்பு. பக் ஐலண்ட் 176 ஏக்கர்தான். செயின்ட் க்ரோயின் வடகிழக்குக் கரைக்கு எதிரே சுமார் ஒன்றரை மைல் தள்ளி, ஆள் குடியில்லாமல் கிடக்கிறது. 1961-இல் அமெரிக்க அதிபர் கென்னடி அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். 2001-இல் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 19,000 ஏக்கருக்கு மேல் விரித்தார்கள். மீன் பிடிப்பது, சிப்பி பொறுக்குவது எதற்கும் அனுமதி இல்லை. தீவின் கிழக்குப் பக்கத்தை வளைத்துப் பவளப்பாறை ஓர் அரண் போல நிற்கிறது. அரணுக்கும் தீவுக்கும் நடுவே இருக்கும் நீர்ப்பரப்பில்தான் புகழ்பெற்ற ‘கடலடிப் பாதை’ இருக்கிறது. அங்கே படகை மிதவையில் கட்டிவிட்டு நேரே தண்ணீரில் இறங்க வேண்டும். ஆழம் 12 அடி அளவில். காலூன்ற இடமில்லை, ஊன்றவும் கூடாது. மேற்கு முனையில் இருப்பது முற்றிலும் வேறு இடம்: வெள்ளை மணல் கடற்கரை, காற்றுக்கு மறைவு, மெதுவாக ஆழமாகும் தரை. அம்மாவுக்கும் பையனுக்கும் உரியது இந்தக் கடற்கரை. மற்றவர்களுக்குப் பாறை. பயணம் ஒன்றுதான், இறங்கும் இடம் இரண்டு என்று வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக ஒழுங்காகும்.

அடுத்தது காற்று. அங்கே ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்துதான் வீசும். நம் மீனவர்கள் கொண்டல் என்பார்களே, அந்தத் திசை. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை அது இன்னும் வலுக்கும். உள்ளூரில் ‘கிறிஸ்துமஸ் காற்று’ என்றே பெயர். வேகம் 20 நாட்டை (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) தாண்டும் நாட்கள் தொடர்ந்து வரலாம். அட்லான்டிக்கின் வடபகுதியில் புயல் கிளம்பினால் இரண்டு மூன்று நாள் கழித்து வடக்கிலிருந்து பெரிய அலைகள் இங்கே வந்து சேரும். சில சமயம் அவை தீவைச் சுற்றி மேற்குக் கரையிலும் அடிக்கும். ஆகவே படகுப் பயணத்தை விடுமுறையின் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். இரண்டாம் அல்லது மூன்றாம் நாளுக்குப் பதிவு செய்தால், கேப்டன் ரத்து செய்தாலும் பின்னால் இரண்டு நாள் கையில் இருக்கும். கேப்டன் வானிலைக்காக ரத்து செய்தால் பணம் திரும்புமா, காலையில் காற்றைப் பார்த்துப் பயந்து நீங்களாக விலகினால் என்ன என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் முதலாவதற்குத்தான் திரும்பக் கிடைக்கும்.

படகுகள் கிளம்பும் கிறிஸ்டியன்ஸ்டெட், செயின்ட் க்ரோயின் வடகரையில் உள்ள ஊர். அங்கிருந்து பக் ஐலண்ட் கிழக்கே இருப்பதால் போகும்போது படகு காற்றை எதிர்த்துப் போகிறது. அலையில் ஏறி விழும், முகத்தில் உப்புத் தண்ணீர் தெறிக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், தூக்கமே வரும். வாந்தி வருவதெல்லாம் போகும்போதுதான். மாத்திரையைக் குமட்ட ஆரம்பித்தபின் போட்டுப் பயனில்லை. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வயிற்றில் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு மெக்லிசின் பொதுவாகப் போதும். 12 வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கும் வழக்கமில்லை. சிறுவர்களுக்கு என்று விற்கும் டைமென்ஹைட்ரினேட் 2 வயதுக்கு மேல் கொடுக்கலாம், அளவைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில பிள்ளைகள் அதைப் போட்டதும் தூங்குவதற்குப் பதில் ஆட்டம் போடும். ஊரில் இருக்கும்போதே ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள். அப்பாவுக்குக் கண் அழுத்தமோ புராஸ்டேட் தொந்தரவோ இருந்தால் இந்த மாத்திரைகள் எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வெறும் வயிற்றோடு ஏறக்கூடாது, முட்ட முட்டச் சாப்பிட்டும் ஏறக்கூடாது: இரண்டு இட்லி அல்லது ரொட்டி, வாழைப்பழம். உட்காரும் இடம் படகின் நடுவிலோ பின்பக்கமோ. முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். கண் தொடுவானத்தில் இருக்கட்டும், போனில் வேண்டாம். அதையும் மீறி வந்துவிட்டால் காற்று வெளியேறும் பக்கத்துக் கைப்பிடிக்குப் போங்கள். காற்று வரும் பக்கம் குனிந்தால் எல்லோருக்கும் அபிஷேகம்தான்.

இப்போது அரை நாளா, முழு நாளா. அரை நாள் என்றால் ஏறத்தாழ 4 மணி நேரம், முழு நாள் 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். வித்தியாசம் பாறையில் இல்லை. இரண்டிலுமே பாறையில் முக்கால் மணி நேரம் போல இருப்பீர்கள், அதற்குமேல் உடம்பும் கேட்காது. கூடுதல் நேரமெல்லாம் கடற்கரைக்குப் போகிறது. சில அரை நாள் பயணங்களில் கடற்கரை இருபது நிமிடத்தில் முடியும்; சிலவற்றில் அதுவே கிடையாது. உங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்குக் கடற்கரைதான் பயணமே என்பதால் முழு நாள் என்றுதான் என் கை போகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு 6 மணி நேரம் நீளம் என்ற பயம் நியாயம்தான். அதற்கு நடுவழி, கிறிஸ்டியன்ஸ்டெட்டை விட்டுக் கிழக்கே தள்ளியிருக்கும் கிரீன் கே மரினா என்ற படகுத்துறையிலிருந்து கிளம்பும் படகு. அங்கிருந்து தீவு மிகப் பக்கம், ஆட்டமும் அந்த அளவுக்குக் குறையும்.

படகு வகை பற்றிக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கூட்டத்துக்கு அது டிக்கெட்டைவிட முக்கியம். ஒற்றை அடியுள்ள பாய்மரப் படகு காற்றில் சாயும். சாய்ந்தே ஓடுவது அதன் இயல்பு, ஆனால் அம்மா வழி முழுவதும் முருகா முருகா என்றுதான் வருவார். இரட்டை அடியுள்ள கேட்டமரன் சாயாது, அகலமான தளம், பின்னால் படிக்கட்டு மாதிரி இறங்கலாம். அனுமதி பெற்ற படகுதானா என்பதையும் பாருங்கள்: பக் ஐலண்டுக்குப் பணம் வாங்கி ஆள் கூட்டிப் போகத் தேசியப் பூங்காத் துறையின் உரிமம் வேண்டும். பதிவு செய்யுமுன் போனில் கேட்க வேண்டியவை நான்கு. கடற்கரையில் எவ்வளவு நேரம் நிற்கும்? அங்கே மணலில் நடந்து இறங்கலாமா, இடுப்பளவு தண்ணீரில் குதிக்க வேண்டுமா? ஐந்து வயதுக்குப் பொருந்தும் மாஸ்க்கும் லைஃப் ஜாக்கெட்டும் இருக்கிறதா, இல்லை பெரியவர் மாஸ்க்கை இறுக்கிக் கட்டுவார்களா? பாறையில் தண்ணீருக்குள் கூடவே வரும் ஊழியர் எத்தனை பேர், நீந்தத் தெரியாதவரை மிதவை வளையத்தில் இழுத்துப் போவார்களா? இந்த நான்குக்கும் யோசிக்காமல் பதில் சொல்கிறவரிடம் பணம் கட்டுங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்பவரிடம் வேண்டாம்.

ஸ்நார்க்கலிங் பிடிக்காமல் போவதற்குப் பத்தில் ஒன்பது காரணம் கடலில் இல்லை, மாஸ்க்கில் இருக்கிறது. முடிந்தால் ஆளுக்கொன்று சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். பொருந்துகிறதா என்று பார்க்க வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உள்ளிழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் மாஸ்க். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். அதை எடுக்காவிட்டால் என்ன செய்தாலும் ஆவி படியும். சாதாரண வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் தடவி விரலால் இரண்டு நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று தடவை. அன்றைய தினம் தண்ணீரில் இறங்குமுன் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பூவோ எச்சிலோ தடவி ஒரு முறை அலசினால் போதும். வாரைப் பின்மண்டையின் மேட்டில் வையுங்கள், காதுக்குக் கீழே இறங்கினால் மாஸ்க் மேலே தூக்கும். தண்ணீர் வருகிறதென்று இறுக்கினால் இன்னும் வரும், ரப்பர் விளிம்பு மடங்கிவிடும். கசிவுக்கு நம் வீடுகளில் இரண்டு சொந்தக் காரணங்கள் உண்டு: ஒன்று தேங்காய் எண்ணெய், இன்னொன்று மீசை. எண்ணெய்த் தலையில் வார் வழுக்கும், நெற்றியில் வழிந்த எண்ணெய் கண்ணாடியை மங்கலாக்கும். முந்தின நாளே எல்லோரும் தலைக்குக் குளித்துவிடுங்கள். அப்பாவின் மீசையை எடுக்கச் சொல்ல வேண்டாம். மூக்குக்குக் கீழே மேல் ஓரத்தில் ஒரு கோடு போல வழித்துவிட்டால் ரப்பர் தோலில் உட்கார்ந்துகொள்ளும். அம்மாவின் மூக்குத்தி மாஸ்க்கின் மூக்குப் பைக்குள் இடித்து வலிக்கும். கழற்ற முடிகிற மாதிரி இருந்தால் கழற்றிவிடலாம். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாஸ்க் போட முடியாது, காது வழியாகப் போகும் கம்பி விளிம்பைத் தூக்கிவிடும். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால் குறைந்த பவர் உள்ளவர்கள் இல்லாமலே சமாளிக்கலாம். அதிக பவர் என்றால் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது.

முகம் முழுவதையும் மூடும் புது வகை மாஸ்க் ஒன்று இருக்கிறது, மூக்காலேயே மூச்சு விடலாம் என்று விற்கிறார்கள். அது ஆபத்து என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று திரளவில்லை, பாதுகாப்பானது என்பதற்கும் அப்படியே. உறுதியானது ஒன்று உண்டு: உள்ளே தண்ணீர் புகுந்தால் வாயிலிருந்து குழாயைத் துப்புவதுபோல ஒரு நொடியில் அதைக் கழற்ற முடியாது. தொடங்குபவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

படகு நாளுக்கு முந்தின நாள் ஒத்திகை அவசியம். கிறிஸ்டியன்ஸ்டெட் துறைமுகத்துக்குள்ளேயே புராட்டஸ்டன்ட் கே என்ற குட்டித் தீவு இருக்கிறது. சிறு படகில் சில நிமிடத்தில் போய்விடலாம், அமைதியான கடற்கரை. மேற்கே ஃபிரெடெரிக்ஸ்டெட் பக்கக் கடற்கரைகளும் கொண்டலுக்கு மறைவாக இருப்பதால் பொதுவாகச் சலனமில்லாமல் இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நில்லுங்கள். முதலில் மாஸ்க் மட்டும் போட்டு, மூச்சை அடக்கி, முகத்தைத் தண்ணீரில் வைத்து எடுங்கள், பத்துத் தடவை. அடுத்து, மாஸ்க் போட்டுக்கொண்டே குழாயை வாயில் கவ்வி, தண்ணீருக்கு வெளியே நின்று இரண்டு நிமிடம் வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். மூக்கு அடைபட்டதும் மனம் ‘மூச்சு முட்டுகிறது’ என்று பொய் சொல்லும். அது அடங்கும்வரை இந்தப் படியைத் தாண்டாதீர்கள். பிறகு குனிந்து முகத்தைத் தண்ணீரில் வைத்து மெதுவாக, நீளமாக மூச்சு. அவசர மூச்சில் குழாயில் இருக்கும் பழைய காற்றே திரும்பத் திரும்ப உள்ளே போகும், அதனால்தான் பதறுகிறவர்களுக்கு மேலும் மூச்சு வாங்குகிறது. கடைசியாக, குழாயில் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, ‘தூ’ என்று ஒரே வீச்சில் ஊதித் தள்ளப் பழகுங்கள். மெல்ல ஊதினால் பாதி வெளியேறும், மீதி அடுத்த மூச்சில் தொண்டைக்கு வரும். இதை ஐந்து முறை தடுமாறாமல் செய்பவர் மறுநாள் பாறைக்குத் தகுதி. செய்ய முடியாதவர் கடற்கரைக்கு. இதில் வயதுக்கோ மானத்துக்கோ இடம் கொடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு. நீச்சல் தெரியாமலே ஸ்நார்க்கலிங் செய்யலாம் என்பது விளம்பரத்தில் பாதி உண்மை. மிதக்க வைப்பது உடுப்பு. பதறாமல் இருப்பது பழக்கம், அது ஒரு நாளில் வராது. படகில் கொடுக்கும் மஞ்சள் நிற ஊதும் வெஸ்ட்டை லைஃப் ஜாக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். அது நீந்தத் தெரிந்தவருக்கு ஓய்வு கொடுக்க. மயங்கினால் முகத்தை மேலே திருப்பிப் பிடிக்காது. அம்மாவுக்கு உள்ளே நுரை வைத்த நிஜ லைஃப் ஜாக்கெட் கேளுங்கள், தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறாத அளவுக்கு வார் இறுகியிருக்க வேண்டும். புடவை, துப்பட்டா, தொளதொளப்பான சுடிதார் எதுவும் தண்ணீரில் வேண்டாம். நனைந்தால் காலைச் சுற்றும், படகின் ஏணியில் மாட்டும். முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கிங்ஸும் உடம்பையும் மறைக்கும், வெயிலையும் தடுக்கும். மேற்குக் கடற்கரையில் மார்பளவு தண்ணீரில், நீங்களோ உங்கள் மனைவியோ கையைப் பிடித்துக்கொள்ள, மாஸ்க் போட்டு முகத்தை மட்டும் வைத்துப் பார்க்கட்டும். மணலின் மேல் கண்ணாடித் துண்டு போல மின்னிக்கொண்டு போகும் குட்டி மீன் கூட்டம் அங்கேயே தெரியும். அதுவே போதும் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

அப்பாவைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. அம்மா தானாகவே ஜாக்கிரதையாக இருப்பார். கிணற்றில் நீந்தியவருக்கு ‘எனக்கென்ன’ என்ற தைரியம் இருக்கும். கிணற்றில் நாலு கை வீசினால் படி. இங்கே ஓட்டம் இருக்கிறது. பாறை அரணைத் தாண்டி விழும் அலைநீர் உள்ளே வந்து மேற்கு நோக்கிப் போகும். போகும்போது சுகமாக இழுத்துப் போகும், திரும்பும்போதுதான் ஐம்பது கெஜம் ஐந்நூறாகத் தெரியும். ஸ்நார்க்கலிங்கில் இறப்பவர்களில் பலர் நடுவயது தாண்டிய ஆண்கள், இதயக் கோளாறோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள். அவர்களில் பலர் கத்துவதில்லை, கை தூக்குவதில்லை. ஹவாயில் இதை ஆராய்ந்தவர்கள், குழாய் வழியாகக் காற்றை இழுக்கும் எதிர்ப்பும் உடல் உழைப்பும் சேர்ந்து நுரையீரலில் நீர் கோக்க வைக்கலாம் என்று கண்டார்கள். நீண்ட விமானப் பயணம் முடிந்த ஓரிரு நாளில் ஆபத்து கூடுமா என்பதும் பேசப்படுகிறது, நிரூபணமாகவில்லை. ஆனால் வந்த அன்றே கடலில் இறங்காமல் இருப்பதில் நஷ்டம் எதுவுமில்லை. அவரது டாக்டரிடம் ‘பீச்சுக்குப் போகலாமா’ என்று கேட்காதீர்கள், போகலாம் என்றுதான் சொல்வார். ‘ஆழத்தண்ணீரில் குழாய் வழியாக மூச்சுவிட்டு அரை மணி நேரம் நீந்தலாமா’ என்று கேளுங்கள். இதை இங்கிருந்து நான் தீர்மானிக்க முடியாது. டாக்டர் சரி என்றால், மிதவை உடுப்போடு, ஊழியர் இழுக்கும் வளையத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முதல் 15 நிமிடம் மட்டும். மூச்சு வாங்கினால் செய்ய வேண்டியது ஒன்றே: குழாயைத் துப்பு, மல்லாந்து மித, கையை ஆட்டு. இந்த மூன்றையும் ஒத்திகையில் அவர் செய்து காட்டட்டும்.

பெண்ணுக்கு 11 என்றால் அவள்தான் இந்தப் பயணத்தின் ராணி. நன்றாக நீந்துவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) போட்ட காலால் நிற்காதே, பவளத்தை உதைக்காதே, எதையும் தொடாதே. பையனைப் பாறையில் இறக்குவதை நான் ஆதரிக்கவில்லை. ஐந்து வயதில் குழாயைக் கவ்வும் தாடை கால் மணி நேரத்தில் களைத்துவிடும், அலை ஒன்று வாயில் அடித்தால் அன்றோடு கடல் என்றாலே அழுவான். மேற்குக் கரையில் மாஸ்க் மட்டும் கொடுங்கள், குழாய் வேண்டாம். மிதக்கும் நீள நுரைக்குழல் ஒன்றின் மேல் படுக்க வைத்து, ‘ஒண்ணு ரெண்டு மூணு பார்’ என்று மூச்சடக்கிப் பார்க்க வையுங்கள். தண்ணீர் 26, 27 டிகிரி இருக்கும். பெரியவருக்கு இதம், சின்ன உடம்புக்கு அரை மணியில் குளிரும். உதடு நீலம் ஓடினால் கேட்காமலே தூக்கிவிடுங்கள். பெரியவர் ஒருவர் அவனை மட்டுமே பார்க்க வேண்டும், கையில் கேமரா இல்லாமல். ‘எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பாறையில் இறங்கும் உங்கள் மூவருக்கும், அல்லது நால்வருக்கும்: இருவர் இருவராக ஜோடி சேருங்கள். குப்புற மிதந்து மீன் பார்ப்பவரும், குப்புற மிதந்து மயங்கியவரும் மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். ஆகவே நிமிடத்துக்கு ஒரு முறை ஜோடியின் தோளைத் தட்டிப் பதில் வாங்குங்கள். திரும்பி ஏறும்போதுதான் அடிபடுவது அதிகம். ஆடும் படகின் ஏணி ஏறி இறங்கும், அதன் அடியில் தலையை வைக்காதீர்கள். ஒரு கையால் ஏணியைப் பிடித்து, ஃபின்களைக் கழற்றி மேலே கொடுத்துவிட்டு, ஏணி தண்ணீருக்குள் அமிழும் நேரம் பார்த்துக் காலை வையுங்கள். அடுத்த அலை உங்களைத் தானே தூக்கும்.

என்ன தெரியும் என்று கேட்டால், விளம்பரப் படத்தை மறந்துவிட்டுப் போங்கள். அங்கே பேர் வாங்கிய மான்கொம்புப் பவளத்தில் பெரும்பகுதி 1970, 80-களில் வெண்பட்டை நோயில் செத்துப்போனது. 1989-இல் ஹ்யூகோ சூறாவளி மிச்சத்தை உடைத்துப் போட்டது. 2005-இலும் 2023-இலும் கடல் சூடேறியதில் பவளம் வெளிறியது. 2020-இல் செயின்ட் க்ரோய்க்கு வந்து சேர்ந்த இன்னொரு நோய் மான்கொம்பைத் தொடாமல் மூளைப் பவளம் போன்றவற்றின் திசுவை உரித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே பழுப்புப் பாசி படிந்த பெரிய பெரிய கிளைகளையும், நடுநடுவே பொன்நிறத்தில் உயிரோடு இருக்கும் சிலவற்றையும் பார்ப்பீர்கள். உயிருள்ளதன் நுனி மட்டும் வெள்ளையாக இருக்கும். அது நோயில்லை, வளரும் இடம். மீனுக்குக் குறைவில்லை. நீலச் சர்ஜன், வரியோடிய சார்ஜென்ட் மேஜர், கொம்பு மாதிரி நீண்டு தலைகீழாக நிற்கும் எக்காள மீன். ஒரு நிமிடம் கை காலை ஆட்டாமல் காதைத் தண்ணீரில் வைத்துக் கேளுங்கள். அப்பளம் நொறுங்குவதுபோல ஓயாமல் ஒரு சத்தம் வரும், அது சொடுக்கு இறால்கள். அதற்கு நடுவே சுரண்டுவதுபோல ‘கரக், கரக்’ என்றால் பக்கத்தில் கிளிமீன் பாறையைக் கடிக்கிறது. சற்று நேரம் பின்தொடர்ந்தால் அது பின்னால் வெள்ளைப் புகை மாதிரி மணலைக் கழிக்கும். மேற்கே நீங்கள் உட்கார்ந்து சாப்பிடப் போகும் மணலில் கணிசம் இப்படி வந்ததுதான். இதைப் பிள்ளைகளிடம் சாப்பிட்டு முடித்தபின் சொல்லுங்கள். அழுங்காமையும் பச்சை ஆமையும் தென்படலாம், உத்தரவாதம் கிடையாது. தென்பட்டால் துரத்தாதீர்கள், மூச்சுவிட மேலே வர அதற்கு வழி விடுங்கள்.

தொடக்கூடாதவை: கடுகு நிறத்தில் தட்டையாக நிற்கும் நெருப்புப் பவளம், நீண்ட கறுப்பு ஊசியுள்ள கடல் முள்ளெலி, கோடுபோட்ட சிங்கமீன். பாரகூடா என்கிற சீலா மீன் அசையாமல் நின்று உற்றுப் பார்க்கும். பார்க்கும், அவ்வளவுதான், கடிப்பது மிக அபூர்வம். ஆனாலும் மின்னும் நகைகளை அறையிலேயே வைத்துவிடச் சொல்வேன். சீலாவுக்காக மட்டுமில்லை: தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும், தாலிச் சங்கிலி வெஸ்ட்டின் வாரில் சிக்கும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் அதை உடுப்புக்குள் விட்டு மேலே கழுத்துவரை ஜிப் போட்டுக்கொள்ளட்டும்.

கடற்கரையில் ஒரே ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குப் படகிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே மான்சனீல் என்ற மரம் உண்டு. பளபளக்கும் பச்சை இலை, கீழே சின்ன ஆப்பிள் மாதிரி பச்சைப் பழம், இனிப்பு மணம்கூட வரும். பழம் கடும் விஷம். இலையோ கிளையோ ஒடிந்தால் வரும் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும், கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாக மறைக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்குவதுகூடக் கூடாது, இலையில் வழியும் தண்ணீரே போதும். நம் சிதம்பரத்துத் தில்லை மரத்தின் பாலுக்கும் இதே குணம். இரண்டும் ஆமணக்குக் குடும்பம். பால் பட்டால் உடனே சோப்பும் நிறைய நல்ல தண்ணீரும். தீவில் குடிநீர் கிடையாது, கடை கிடையாது. கழிப்பறைக்கும் படகை நம்பிப் போவதே நல்லது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கணக்கு. படகில் மதியச் சாப்பாடு உண்டென்றாலும் சைவம் என்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு ரொட்டிக்கு நடுவே ஒரு தக்காளி வந்து சேரும். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம். ரம் பஞ்ச் கொடுப்பார்கள். கடைசி முறை தண்ணீரிலிருந்து ஏறியபின் குடியுங்கள்.

வெயில் விஷயத்தில் நம் தோல் கறுக்காது, எரியாது என்று இருந்துவிடாதீர்கள். முதுகு மேலே பார்க்க முக்கால் மணி மிதந்தால் யாருக்கும் எரியும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரைலின் மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த சன்ஸ்கிரீன் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் 2020 மார்ச் 30 முதல் தடை. டியூபின் பின்பக்கம் படித்து, துத்தநாக ஆக்ஸைடு போட்டதாக வாங்குங்கள். அது பவளத்துக்கு முற்றிலும் தீங்கற்றதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒரு மனதில்லை; முழுக்கைச் சட்டை போட்டால் அந்தக் கேள்வியே பாதி குறைகிறது. மறக்கும் இடங்கள்: தலை வகிடு, காது மடல், முழங்காலின் பின்பக்கம், உள்ளங்கால்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. செயின்ட் க்ரோய் அமெரிக்க மண்தான். போகும்போது உள்நாட்டு விமானம் மாதிரியே இறங்கிவிடுவீர்கள். திரும்பும்போது விமான நிலையத்தில் குடிவரவுச் சோதனை உண்டு. அம்மா அப்பாவின் பாஸ்போர்ட், விசா, நீங்கள் விசாவில் இருந்தால் உங்கள் தாள்கள் எல்லாம் அசலாகக் கையில் இருக்க வேண்டும். அவற்றைப் படகுக்கு எடுத்துப் போகாதீர்கள். தண்ணீர் புகாத பை என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரு அலைக்குத்தான். அறையின் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, போனில் ஒரு படம் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.